அகில் மரமும் ஐந்தொகையும்: ஊத் விலையைக் காட்டி நமக்கு விற்கப்படும் மரங்கள்

சில மாதங்களுக்கு ஒரு தடவையாவது அந்தச் செய்தி வந்துவிடும். கட்டுநாயக்க விமான நிலையத்தில் துபாய் செல்ல வந்த ஒருவரின் பயணப்பைக்குள் வல்லப்பட்டை இருந்தது, சுங்கத் திணைக்களம் கைப்பற்றியது, பெறுமதி இத்தனை இலட்சம் ரூபா. 2012ஆம் ஆண்டளவில் தொடங்கிய இந்தச் செய்தி இன்று வழமையாகிவிட்டது. வாசிப்பவர்களில் பாதிப் பேர் கடந்து போவார்கள். மீதிப் பேரில் சிலர் பர் துபாயில் இருக்கும் எங்களுக்குத் தொலைபேசி எடுப்பார்கள். "அண்ணை, அந்தக் கட்டைக்கு அங்கே உண்மையாகவே அவ்வளவு விலையோ?"

முன்பு கேள்வி அதோடு முடிந்துவிடும். இப்போது அதற்குப் பின்னால் இன்னொன்றும் வருகிறது. "அப்படியென்றால் அகில் மரத்தில் காசு போடலாமோ?"

இந்த இரண்டாவது கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறோம். நாங்கள் தாவரவியல் படித்தவர்கள் அல்லர். வர்த்தகப் பட்டம் பெற்று, ஊரை விட்டு வந்து, முப்பது வருடங்களாகப் பிறருடைய கணக்கை எழுதிப் பிழைப்பவர்கள். ஆகவே மரத்தைப் பற்றித் தேவையான அளவும், கணக்கைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவும் சொல்கிறோம்.

நோயில் பிறக்கும் வாசனை

இங்கே ஊத் என்பதும், அசாமில் அகர் என்பதும், தமிழில் அகில் என்பதும் ஒன்றுதான். அக்குவிலேரியா என்ற மர இனத்திலிருந்து வருவது. வடகிழக்கு இந்தியா தொடக்கம் வியட்நாம், கம்போடியா, மலேசியா, இந்தோனேசியா வரை இது வளர்கிறது. அதன் நெருங்கிய உறவு மரமான கைரினொப்ஸ் இனத்தில் ஒன்று இலங்கையின் தென்மேற்கு ஈரவலயக் காடுகளில் உண்டு. அதுதான் வல்லப்பட்டை. அந்தப் பக்கத்துக் கிராமங்களில் ஒரு காலத்தில் அதன் பட்டையில் கயிறு திரித்தார்கள். அவ்வளவுதான் அதற்கு இருந்த மதிப்பு.

அகில் என்ற நம்முடைய சொல் போர்த்துக்கேயரின் காதில் விழுந்து, கழுகைக் குறிக்கும் சொல்லாக மாறி, ஐரோப்பாவில் 'கழுகு மரம்' ஆகிவிட்டது. இன்றைய தாவரவியல் பெயரிலும் அந்தக் கழுகு ஒட்டிக்கொண்டிருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்து குவிந்த பொருட்களைச் சொல்லும் பட்டினப்பாலையில் மேற்கு மலையின் சந்தனத்தோடு அகிலும் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வெள்ளகில் என்று சொல்லப்படும் மரம் வேறொரு சாதி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெயர் ஒன்றாக இருப்பதால் சரக்கும் ஒன்றாகிவிடாது. இந்த வியாபாரம் முழுவதிலும் அதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

இந்த மரத்தைப் பற்றி முதலீட்டாளர் முதலில் அறிய வேண்டியது ஒன்று உண்டு. நோயில்லாத அகில் மரத்துக்கு வாசனை கிடையாது. அதன் கட்டை வெளிறியது, இலேசானது, பெட்டி அடிக்க உதவும். பூச்சி துளைத்தோ, கிளை முறிந்தோ, கத்தி பட்டோ மரத்தில் காயம் ஏற்பட்டு, அந்தக் காயத்துக்குள் பூஞ்சணம் புகும்போது, தன்னைக் காத்துக்கொள்ள மரம் ஒரு பிசினைச் சுரக்கிறது. ஆண்டுக்கணக்கில் அந்தப் பிசின் ஊறி ஊறிக் கட்டை கறுத்துக் கனக்கிறது. மிக நல்ல துண்டு தண்ணீரில் தாழும். அந்தக் கறுப்புப் பகுதிக்குத்தான் விலை. காட்டில் மிகச் சில மரங்களில்தான் அது உண்டாகும். வெளியிலிருந்து பார்த்து எந்த மரத்தில் இருக்கிறது என்று சொல்வதும் கடினம். அதனால்தான் திருடர்கள் ஒரு நல்ல மரத்தைத் தேடிப் பத்து மரங்களை வெட்டிச் சாய்க்கிறார்கள்.

தோட்டத்தில் நட்ட மரத்துக்கு இயற்கை வரும்வரை காத்திருக்க முடியாது. தண்டில் வரிசையாகத் துளையிட்டு, பூஞ்சணத்தையோ இரசாயனத்தையோ ஏற்றுகிறார்கள். இந்தத் தொழில்நுட்பம் பொய்யல்ல. மினசோட்டாப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 1990களில் வியட்நாமில் செய்த வேலை இதற்கு வழிகாட்டியது. தாய்லாந்திலும் வியட்நாமிலும் மலேசியாவிலும் தோட்ட அகில் பெருமளவில் விளைகிறது. ஆனால் ஊசி ஏற்றிய எல்லா மரமும் ஒரே அளவு பிசின் தருவதில்லை. சில வருடங்களில் கிடைக்கும் பிசினும், காட்டில் பல பத்தாண்டுகள் ஊறிய பிசினும் ஒரே தரத்தில் நிற்பதில்லை.

கிறீக்குக்கு அந்தப் பக்கம்

பர் துபாய் படகுத்துறையில் ஒரு திர்ஹாம் கொடுத்து அப்ராவில் ஏறினால் சில நிமிடங்களில் தேராவில் இறங்கலாம். தங்கச் சந்தைக்குப் பக்கத்திலேயே வாசனைத் திரவியச் சந்தை. கண்ணாடிப் பெட்டிகளில் ஹிந்தி, கம்போடி என்று ஊர்ப்பெயர் சொல்லியும், சூப்பர், டபுள் சூப்பர் என்று தரம் சொல்லியும் கட்டைகளை அடுக்கியிருப்பார்கள். எண்ணெயைத் தோலாக் கணக்கில் விற்பார்கள். அரபு வீடுகளில் விருந்தினர் வந்தால் தணலில் ஒரு சின்னத் துண்டை இட்டுப் புகையைச் சுற்றிக் காட்டுவார்கள். வந்தவர்கள் அந்தப் புகையை உடுப்பிலும் தலையிலும் வாங்கிக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமைக்கும் பெருநாளுக்கும் கல்யாணத்துக்கும் அது வேண்டும். தொழுகை மணிகள் செய்யவும் இந்தக் கட்டை பயன்படுகிறது. ஜப்பானில் இதன் வாசனையை நுகர்வதையே ஒரு கலையாகப் பயில்கிறார்கள். அசாமில் இதே மரத்தின் பட்டையில் ஏடு எழுதியிருக்கிறார்கள். சித்த, ஆயுர்வேத மருந்துகளிலும் அகிலுக்கு இடம் உண்டு.

அதாவது, கேள்வி உண்மையானது. தேவை உண்மையானது. விலையும் உண்மையானது. ஆனால் எந்த விலை? ஒரே கடையில் ஒரு கிலோ சில நூறு திர்ஹாமுக்கும் இருக்கும், பல பத்தாயிரம் திர்ஹாமுக்கும் இருக்கும். கறுப்புச் சாயமும் எண்ணெயும் ஊட்டி எடை கூட்டிய போலிக் கட்டைகளும் சந்தையில் உண்டு. கடைக்காரர் துண்டைக் கையில் எடுத்து, எடை பார்த்து, நுனியைத் தணலில் வைத்து, முகர்ந்து பார்த்த பிறகுதான் விலை சொல்வார்.

இந்தத் தொழிலில் பெரிதாக வளர்ந்தவர்களைப் பாருங்கள். வளைகுடாவில் எல்லோருக்கும் தெரிந்த அஜ்மல் நிறுவனத்தை 1951இல் தொடங்கியவர் அசாமின் ஹோஜாயைச் சேர்ந்தவர். அகர் மரம் விளையும் மண்ணிலிருந்து வந்து, கட்டையைத் தரம் பிரிக்கவும் எண்ணெய் வடிக்கவும் அறிந்து, கடையையும் தாங்களே நடத்திய குடும்பம் அது. மரத்திலிருந்து வாடிக்கையாளர் வரையுள்ள படிகளில் இலாபம் தங்குவது தரம் அறிந்தவரின் படியில். மரத்தை மட்டும் வைத்திருப்பவர், தன்னிடம் இருப்பது என்னவென்றே தெரியாமல் விற்பவர்.

இப்போது சுங்கச் செய்திக்குத் திரும்புவோம். கைப்பற்றப்பட்ட வல்லப்பட்டைக்குச் சொல்லப்படும் பெறுமதி, காட்டிலிருந்து திருடிப் பொறுக்கிச் சேர்த்த கட்டைக்கான மதிப்பீடு. அதே செய்தித்துணுக்கை வெட்டி ஒட்டி, 'பாருங்கள், அகிலின் விலை' என்று எங்களுக்கு வந்து சேரும் துண்டுப்பிரசுரங்களோ பத்து வருடத் தோட்ட மரத்தை விற்கின்றன. ஒன்றின் விலையை மற்றொன்றின் மேல் எழுதுவது கணக்கியலில் மன்னிக்க முடியாத பிழை.

தம்பியின் பணிக்கொடை

எங்கள் கட்டடத்தில் ஒரு தம்பி இருக்கிறார். முல்லைத்தீவுப் பக்கம். பதினெட்டு வருடங்கள் ஒரே கம்பனியில் பராமரிப்பு வேலை. அடிப்படைச் சம்பளம் மாதம் 3,000 திர்ஹாம். வேலையை முடித்துக்கொண்டு போகும்போது கிடைக்கும் பணிக்கொடை எவ்வளவு என்று கணக்குப் பார்க்க வந்தார். இந்நாட்டுச் சட்டப்படி முதல் ஐந்து வருடங்களுக்கு வருடத்துக்கு 21 நாட் சம்பளம், பிறகு வருடத்துக்கு 30 நாட் சம்பளம். ஆக 105 நாட்களும் 390 நாட்களும், மொத்தம் 495 நாட்கள். நாளுக்கு 100 திர்ஹாம் வீதம் 49,500 திர்ஹாம். ஏறத்தாழ நாற்பது இலட்சம் ரூபா. அவருடைய பதினெட்டு வருட சேமிப்பு அதுதான். இங்கே நமக்கு ஓய்வூதியம் கிடையாது.

கணக்கு முடிந்ததும் சட்டைப்பையிலிருந்து ஒரு மடித்த தாளை எடுத்தார். தோட்ட அகில் மரங்கள். பத்தாண்டில் போட்ட காசு ஆறு மடங்கு. "அண்ணை, இதில் பாதியைப் போட்டாலே மகளின்ரை காரியம் ஒப்பேறிவிடும்" என்றார்.

நாங்கள் தாளின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டோம். பத்து வருடத்தில் ஆறு மடங்கு என்றால் கூட்டுவட்டியில் வருடத்துக்கு 19.6 வீதம். கேட்க நல்லாயிருக்கிறது. ஆனால் வாக்கு ரூபாவில். 2015 தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டொலர் ஏறத்தாழ 131 ரூபா. 2025 தொடக்கத்தில் ஏறத்தாழ 295 ரூபா. திர்ஹாம் டொலரோடு கட்டப்பட்டது. அந்தப் பத்து வருடங்களில் ரூபாவில் ஆறு மடங்கு கிடைத்திருந்தாலும் டொலரில் அது இரண்டரை மடங்குக்குச் சற்று மேல்தான். வருடத்துக்கு ஏறத்தாழ 10 வீதம். 2022 நெருக்கடியின்போது இலங்கை அரசின் திறைசேரி உண்டியலே 30 வீதத்தை அண்டிய வட்டி கொடுத்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்து வருடம் பூட்டி வைக்க வேண்டிய, இடையில் எடுக்க முடியாத, விளைச்சல் நிச்சயமில்லாத ஒன்றுக்கு, வாக்களித்ததெல்லாம் அப்படியே நடந்தாலும், கிடைக்கக்கூடியது இவ்வளவுதான்.

வளரும் மரமும் வராத காசும்

இந்த இடத்தில் எங்கள் தொழில் சார்ந்த ஒரு விடயத்தை விளக்க வேண்டும். விவசாயத்துக்கான சர்வதேசக் கணக்கீட்டு நியமம் 41 இலங்கையிலும் நடைமுறையில் உள்ளது. அதன்படி ஒரு கம்பனி தன் தோட்டத்தில் வளரும் மரங்களை ஒவ்வொரு வருடமும் சந்தைப் பெறுமதிக்கு மதிப்பிட்டு, கூடிய தொகையை அந்த வருடத்து இலாபமாகக் காட்ட வேண்டும். ஒரு மரமும் விற்கப்படவில்லை, ஒரு சதமும் கைக்கு வரவில்லை. ஆனாலும் இலாப நட்டக் கணக்கில் இலாபம் நிற்கும்.

இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை. நியமமே அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அந்த இலாபத்தைப் பார்த்துப் பங்கு வாங்குபவருக்கு, அது மதிப்பீட்டாளர் எழுதிய எண் என்பது தெரிந்திருக்க வேண்டும். அகிலில் இது இன்னும் சிக்கல். மரத்துக்குள் பிசின் எவ்வளவு இருக்கிறது என்று வெட்டும்வரை யாருக்கும் முழுதாகத் தெரியாது. ஆகவே ஆண்டறிக்கையைத் திறந்தால் இலாபத்தைப் பார்க்காதீர்கள். காசுப் பாய்ச்சல் கூற்றைப் பாருங்கள். காசு மரம் விற்று வருகிறதா, புதிதாகச் சேர்பவர்களிடமிருந்து வருகிறதா? பழைய முதலீட்டாளருக்குக் கொடுக்க வேண்டிய காசு புதிய முதலீட்டாளரிடமிருந்தே வருமானால், யாரும் களவு செய்ய நினைக்காவிட்டாலும் ஒருநாள் அது நின்றுவிடும்.

நம்மைச் சுற்றியே இது நடந்திருக்கிறது. சென்னையில் 1992இல் தொடங்கிய அனுபவ் பிளாண்டேஷன்ஸ், தேக்கு மரத்தைக் காட்டிப் பொதுமக்களிடம் பணம் திரட்டி 1998இல் சரிந்தது. பல்லாயிரக்கணக்கான குடும்பங்களின் பணம் அதில் போனது. இப்படியான தோட்டக் கம்பனிகள் பல சரிந்த பிறகுதான், 1999இல், இந்தியாவின் செபி கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கான விதிகளைக் கொண்டுவந்தது. இலங்கையில் மகோகனி மரங்களை விற்ற டச்வூட் நிறுவனம் கொழும்புப் பங்குச் சந்தையிலேயே பட்டியலிடப்பட்டிருந்தது. 2014 அளவில் அது நீதிமன்றக் கலைப்பில் போய் முடிந்தது. தேக்கும் மகோகனியும் நல்ல மரங்கள்தான். அகிலைப் போல நோய் வந்தால்தான் விலை என்ற பிரச்சினையும் அவற்றுக்கு இல்லை. இருந்தும் காசு போட்டவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள்.

எல்லா மரக் கம்பனியும் ஏமாற்றுகிறது என்று நாங்கள் சொல்லவில்லை. நேர்மையாக நடத்துபவர்களும் இருக்கலாம். நேர்மையானவரை இனங்காண வழி என்ன என்பதே கேள்வி.

ஏன் நம்மைத் தேடி வருகிறார்கள்

அகதியாகப் போனவருக்குக் கனடாவும் பிரான்சும் ஒரு நாள் குடியுரிமை கொடுத்தன. இங்கே அப்படி இல்லை. ஐக்கிய அரபு அமீரகம் 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் சேராத நாடு. வேலை இருக்கும்வரைதான் விசா. போகத்தான் வேண்டும், ஆனால் போய் என்ன செய்வது என்று தெரியாதவருக்குப் 'பத்து வருடத்தில் மரம் காசாகும்' என்பது நிம்மதியான வார்த்தை.

குடியுரிமை பெற்ற உறவுகளுக்கு வேறொரு காரணம். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி உடைமை மாற்றுவதைத் தடை செய்தது. வாரிசுரிமை போன்ற சில விலக்குகள் உண்டு. இரட்டைக் குடியுரிமை எடுத்தவர்களையும் அது தடுக்காது. ஆனால் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருக்கும் ஒருவர் தான் பிறந்த ஊரில் ஒரு பரப்புக் காணி விலைக்கு வாங்க முடியாது. அவருக்கு வந்து சேருகிறது 'ஊரில் உங்கள் பெயரில் ஒரு மரம்' என்ற அழைப்பு. காணி கிடைக்காதவருக்கு மரம். அந்த மரம் நிற்பதோ பெரும்பாலும் நம் ஊரில் அல்ல, தெற்கின் ஈரவலயத்தில்.

வன்னியில் கிடக்கும் நம் காணியில் நடலாமே என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அகில் ஈரமான மழைக்காட்டு மரம். வருடத்துக்கு 2,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் இடமே இலங்கையில் ஈரவலயம். 1,750இற்குக் குறைந்தால் வறள்வலயம். நம்முடைய வடக்கு முழுக்க அதற்குள்தான், அந்த மழையும் பெரும்பாலும் மாரியில் மட்டும். நம் மண்ணுக்குரியவை முதிரையும் பாலையும் கருங்காலியும் வேம்பும் பனையும். கிணற்றுத் தண்ணீரை இறைத்து ஊற்றி அகில் வளர்ப்பவர், முதலில் அந்த மின்கட்டணத்தைக் கணக்கில் எழுத வேண்டும்.

கையெழுத்துக்கு முன் ஐந்து கேள்விகள்

முதலாவது, நீங்கள் வாங்குவது எது? மரமா, மரமும் நிலமுமா, அல்லது கம்பனியின் வாக்குறுதி மட்டுமா? நிலம் குத்தகை என்றால் குத்தகை எத்தனை வருடம்? கம்பனி கலைக்கப்பட்டால் உங்கள் மரத்தை வெட்டி எடுக்க அந்தக் காணிக்குள் போகும் உரிமை உங்களுக்கு உண்டா? இதை ஊரில் உங்களுக்குத் தெரிந்த சட்டத்தரணி வாசித்துச் சொல்ல வேண்டும். கம்பனி காட்டும் சட்டத்தரணி அல்ல.

இரண்டாவது, இதுவரை எத்தனை மரம் வெட்டினார்கள்? நட்ட கணக்கு வேண்டாம். வெட்டிய மரம், வடித்த எண்ணெய், விற்ற விலை, வாங்கியவர் யார் என்ற கணக்கு வேண்டும்.

மூன்றாவது, ஏற்றுமதிப் பத்திரம். அழிந்துவரும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் அக்குவிலேரியா, கைரினொப்ஸ் இனங்கள் அனைத்தும் 2005 முதல் இருக்கின்றன. தோட்ட மரமானாலும் நாட்டுக்கு வெளியே அனுப்ப அனுமதிப்பத்திரம் தேவை. இதுவரை பெற்ற பத்திரங்களைக் காட்டச் சொல்லுங்கள்.

நான்காவது, பாதுகாப்பு. இலங்கையில் அனுமதி பெற்ற வங்கியிலும் நிதி நிறுவனத்திலும் போடும் வைப்புக்கு 11 இலட்சம் ரூபா வரை வைப்புக் காப்புறுதி உண்டு. மரத்துக்கு அது கிடையாது. புயல், தீ, களவு இவற்றுக்கு யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எங்கே எழுதியிருக்கிறது?

ஐந்தாவது, இடையில் காசு தேவைப்பட்டால்? மரத்தை யார், எந்த விலைக்குத் திருப்பி எடுப்பார்கள்? 'விற்றுத் தருவோம்' என்பது பதில் அல்ல.

இதனோடு ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஊரிலிருந்து திரும்பி வரும் பிள்ளைகளிடம் 'மருந்துப் பட்டை', 'சாம்பிராணிக் கட்டை' என்று சொல்லிப் பொதி கொடுத்துவிடுகிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் யாருடைய பொதியையும் தூக்காதீர்கள். விமான நிலையத்தில் பிடிபடும் பெயர் உங்களுடையது. கைது ஒன்று பதிவானால் வேலையும் விசாவும் சேர்ந்தே போய்விடும்.

தம்பி அந்த ஐந்து கேள்விகளையும் முகவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினார். முதலாவதுக்கும் நான்காவதுக்கும் பதில் வந்தது. மரம் மட்டும்தான், காணி இல்லை. காப்புறுதி முதல் சில வருடங்களுக்கு மட்டும். மற்ற மூன்றுக்கும் பதிலாகத் தோட்டத்தின் வீடியோ ஒன்று வந்தது. பச்சைப் பசேலென்று அழகாகத்தான் இருந்தது.

கடைசியில் தம்பி இரண்டு மரங்களை மட்டும் வாங்கினார், மகளின் பெயரில். மீதியை மூன்று வங்கிகளில் பிரித்துப் போட முடிவு செய்தார். "போனாலும் இரண்டு மரத்தோடு போகட்டும் அண்ணை" என்றார். அது அவருடைய காசு, அவருடைய முடிவு. எங்களிடம் கேட்டிருந்தால் இரண்டும் வேண்டாம் என்றிருப்போம். ஆனாலும் இழந்தால் தாங்கக்கூடிய தொகை எது என்று தன்னைத் தானே கேட்டு, அந்த அளவில் நின்றுகொண்டார். இந்தத் தாள் கிடைத்த ஒவ்வொரு வீட்டிலும் கணவனும் மனைவியும் உட்கார்ந்து அந்த ஒரு தொகையை முதலில் எழுதிக்கொள்ளட்டும். அதை எழுதிய பிறகு முகவரின் தொலைபேசியை எடுக்கலாம்.